துள்ளாயி கழற்றிய செருப்பு

அந்தக் காலத்தில், நரி கேள்வி கேட்டால் கரடி வாய் திறந்து பதில் சொன்ன அந்தக் காலத்தில், மேற்கு மலையின் உச்சியில் பனி விலகியதே கிடையாது. சித்திரை வெயில்கூட அங்கே ஏறி வந்தால் நடுங்கிக்கொண்டுதான் இறங்கிப் போகும். அப்படிப்பட்ட பனியில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் என்னத்துக்கு ஆகும்? அதனால் அங்கே குடியிருந்த எல்லாரும் பாசிச் செருப்பு போட்டுக்கொண்டார்கள்.

பாறையில் படரும் பாசியைச் சுரண்டி, தட்டி, கொடியால் இறுக்கிப் பின்னியது அந்தச் செருப்பு. பின்னிக் கொடுத்தவள் கருமந்தி. அவளுக்குத் தெரிந்தது ஒரே அச்சு, வட்டம். கடமானுக்குக் கொஞ்சம் பெரிய வட்டம், கரடிக்கு இன்னும் பெரிய வட்டம். முயல், நரி, பூனை, மரநாய் என்று சின்ன ஆட்களுக்கெல்லாம் கொட்டாங்கச்சி அளவில் ஒரே வட்டம். குட்டி நடக்கத் தொடங்கியதும் மந்தியை அழைத்துச் செருப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிய செருப்பைப் பிறகு யாரும் ஊர் பார்க்கக் கழற்றுவதில்லை. கிழிந்துபோனால்கூட மந்தி ஒரு புதருக்குள் கூட்டிக்கொண்டு போய், தன் கண்ணை மூடிக்கொண்டுதான் மாற்றிவிடுவாள். வெறுங்காலைப் பிறர் பார்த்தால் மானம் போய்விடுமாம். ஏன் போகும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காரணம் தெரியாத கட்டுப்பாட்டுக்குத்தானே கெடுபிடி அதிகம்!

இதில் ஒரு வசதி, கால் குளிராது. ஒரு வில்லங்கமும் இருந்தது. பனியில் விழும் தடமெல்லாம் ஒரே மாதிரி. மலை முழுக்கப் பணியாரக் குழி போல வட்டம், வட்டம், வட்டம். போனது நரியா முயலா, பூனையா மரநாயா, படைத்தவன் வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்குப் பாசியின் நாற்றம் மற்ற எல்லா வாடையையும் அமுக்கிவிடும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. துள்ளாயிக்கு அந்தக் காலைப்பொழுது விடியும் வரைக்கும்.

துள்ளாயி ஒரு முயல். பொறுமை என்பது அவள் பிறந்த திசைக்கே வராத சரக்கு. உட்கார் என்றால் எழுவாள், நில் என்றால் ஓடுவாள். ஆனால் குட்டி விஷயத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பாள். முயல்களின் வழக்கம் அப்படி. குட்டியை ஒரு குழியில் தனியாகப் படுக்கவைத்துவிட்டுத் தாய் தள்ளிப்போய் மேய வேண்டும். கூடவே இருந்தால் பருந்தின் கண்ணில் இரண்டு பேரும் பட்டுவிடுவார்கள். அவளுடைய குட்டியின் பெயர் பஞ்சு. இன்னும் செருப்புக்கூடக் கட்டாத குட்டி.

அன்று காலை அவள் மேய்ந்துவிட்டுப் பால் கட்டிய மடியோடு திரும்பி வந்தாள். குழி காலியாக இருந்தது.

"பஞ்சு! டேய் பஞ்சு!"

குழியைச் சுற்றிலும் வட்டத் தடங்கள். வருவதும் போவதுமாக ஒன்றன்மேல் ஒன்று. மேலே மரக்கிளையில் கொண்டைக்குருவி ஒன்று கிடந்து தவித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் பாத்தேன்! உன் புள்ளைய வாயில கவ்விக்கிட்டுப் போயிட்டாங்க. உசிரோடதான் இருந்தான். கீச்சுகீச்சுன்னு கத்தினான்."

"யாருடி? யாரு தூக்கினது?"

"பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. உருவம் சரியாத் தெரியல. செருப்பு போட்டிருந்தாங்க. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."

"அடிப்பாவி, செருப்பு போடாதவங்க இந்த மலையில யாரு இருக்கா?"

குருவிக்கு அழுகை வந்துவிட்டது. துள்ளாயிக்கு அழ நேரமில்லை. குழியிலிருந்து கிளம்பிய ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். மேட்டில் ஏறினாள், ஓடையைத் தாண்டினாள், புதரைச் சுற்றினாள். விடக்கூடாது, விடக்கூடாது என்று மூச்சு இரைக்க ஓடினாள். தடம் அவளை ஒரு புல்திட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே புல் கடிபட்டிருந்தது. அவளே கடித்த புல்! விடியற்காலையில் தான் மேயப் போன தடத்தையே அத்தனை தூரம் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஐயோ, என் கால் தடமே எனக்குத் தெரியலையே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பிப் பாய்ந்தபோது பின்னங்கால் ஒன்று ஆழப் பனியில் புதைந்தது. இழுத்தாள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. வெறும் பாதம் பனியில் பட்டதும் குளிர் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பதறிப்போய், யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் பார்த்தாள். நல்லவேளை, யாருமில்லை. செருப்பைத் தோண்டி எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பனியில் அவள் பாதம் விழுந்திருந்தது. வட்டமாக இல்லை. நீளமாக, முன்பக்கம் விரல்கள் தெரிய, பின்பக்கம் ஒடுங்கி, அந்த மலையில் இதுவரை யாருமே பார்த்திராத ஒரு தடம். 

அவள் இன்னொரு தடவை காலை வைத்து எடுத்தாள். அதே உருவம். முன்னங்கால் செருப்பையும் பல்லால் கடித்து இழுத்துவிட்டு வைத்துப் பார்த்தாள். அது சின்னதாக, உருண்டையாக வேறு மாதிரி இருந்தது. 

"இது நான்!" என்று கத்தினாள். "இது நானேதான்! எனக்கு இப்படின்னா நரிக்கு எப்படி? மரநாய்க்கு எப்படி?"

காது இரண்டும் விறைத்து நிற்க, வெயில் பாறையை நோக்கி ஓட்டம் எடுத்தாள்.

மலையில் ஏதாவது விபரீதம் என்றால் எல்லாரும் கூடுகிற இடம் வெயில் பாறை. குருவி அதற்குள் செய்தியைப் பரப்பியிருந்ததால் கூட்டம் சேர்ந்திருந்தது. கூட்டம் என்றால் சும்மா இருக்குமா? நடுவில் நரி நல்லானை நிறுத்திவைத்து எல்லாரும் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"காணாமப் போறது எதுன்னாலும் என் தலையிலதானா?" என்று நல்லான் கத்தினான். "நரின்னா திருடன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"பின்ன, கடமானா முயல்குட்டியத் தின்னும்?" என்றது கரடி.

காட்டுப்பூனை வரியன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். துள்ளாயி வந்ததும் அவன்தான் முதலில் எழுந்து வந்தான். "அழாதே தங்கச்சி. நாங்கல்லாம் இருக்கோம்ல? குட்டிய எடுத்தவன் எவனா இருந்தாலும் நானே அவன் கழுத்தக் கடிக்கிறேன்."

துள்ளாயி அவனைத் தாண்டிப் பாறைமேல் தாவினாள். "யாரும் யாரையும் கடிக்க வேணாம். எல்லாரும் செருப்பக் கழட்டுங்க!"

பாறை அதிர்ந்தது. கடமான் இருமியது. காட்டுக்கோழிப் பெண்கள் சிறகால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கருமந்திக்கோ முகம் இன்னும் கறுத்தது.

"புள்ளையப் பறிகொடுத்ததுல இவளுக்குப் புத்தி பெரண்டுபோச்சு," என்றாள் மந்தி. "என்ன பேச்சு பேசறே? பொம்பள, ஆம்பள, பெரியவங்கன்னு இத்தன பேரு இருக்கற எடத்துல?"

"மந்தியக்கா, உன் செருப்பு காலக் காப்பாத்துது, நான் இல்லேங்கல. திருடனையும் சேத்துக் காப்பாத்துதே! எல்லாத் தடமும் ஒரே தடம். நான் எங்கன்னு போயித் தேடுவேன்?"

"அதுக்காக மானத்த விடறதா?"

"மானம் எனக்கு எதுக்கு? எனக்கு என் பஞ்சு வேணும்!"

சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த செருப்புகளைக் கடித்து எறிந்தாள். எல்லாரும் பார்க்க, பனியில் நடந்தாள். அன்று மேகம் அவளுக்கு உதவி செய்ததோ என்னவோ, சற்று முன்தான் ஒரு பாட்டம் பனி கொட்டி ஓய்ந்து, பழைய தடங்கள் எல்லாம் மூடி, தரை வெள்ளை வேட்டி விரித்ததுபோலச் சுத்தமாகக் கிடந்தது. அதில் அவள் மெதுவாக அடியெடுத்து வைத்தாள். சின்ன முன்னங்கால் முன்னே, பெரிய பின்னங்கால் பின்னே. "பாத்துக்கோங்க. இதுதான் துள்ளாயி. இனிமே என் தடத்த யாரு பாத்தாலும் நான்னு தெரியும். எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

முதலில் அசைந்தவன் நரி நல்லான். கையில் வெண்ணெய் கிடைத்தவன் போல அவன் முகம் மலர்ந்தது. 

"நான் ரெடி!" என்று செருப்பை உதறினான். பனியில் வைத்தான். விரல்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூரான நகம் ஒரு புள்ளி குத்தியிருந்தது. "அட, அழகா இல்ல இருக்கு!" என்று அவனே தன் தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்! கடமான் கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு காலை எடுத்தது. பிளந்த பாக்கு போல இரண்டு பாதி. "ஐயையோ, மாமாவுக்குக் கால் ஒடஞ்சிருக்கு!" என்று யாரோ கத்த, "எனக்குப் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்டா," என்று கடமான் சொல்ல, ஒரே சிரிப்பு. கரடியின் பாதம் அப்படியே மனுஷன் பாதம் போல விழுந்ததும் கூட்டமே ஓவென்று கூவியது. காட்டுக்கோழி கோலத்துக்குக் கோடு இழுத்ததுபோல மூன்று விரலைப் பதித்தது. முள்ளம்பன்றி தன் தடத்தைப் பார்க்கத் திரும்பியதில் அதன் முள்வால் தடத்தைப் பெருக்கி அழித்துவிட, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று எல்லாரும் கத்தினார்கள். மரநாய் குதித்தது, கீரி குதித்தது. இத்தனை காலமாகக் கூடவே வாழ்ந்தவர்கள் அன்றுதான் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். மானம் போகவில்லை. குளிர்கூட யாருக்கும் உறைக்கவில்லை.

துள்ளாயி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நரி காட்டியாயிற்று, மரநாய் காட்டியாயிற்று, கீரி காட்டியாயிற்று. வரியன்?

"எனக்கு உள்ளங்கால்ல புண்ணு தங்கச்சி," என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. எப்போது சொன்னான்? கடமான் காலைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது. இப்போது எங்கே?

ஆளைக் காணவில்லை. ஆனால் அந்த வெள்ளைத் தரையில், விரலும் நகமும் குளம்பும் கலந்து கிடந்த அத்தனை தடங்களுக்கு நடுவிலிருந்து, ஒரே ஒரு வரிசை வட்டம் கிளம்பி மேற்குச் சரிவுப் பக்கம் போயிருந்தது.

"அதோ!" என்று துள்ளாயி அலறினாள். "செருப்பு போட்டவன் இப்ப ஒருத்தன்தான்!"

அவ்வளவுதான், பறந்தாள். "பிடி, பிடி!" என்று நரியும் கரடியும் பின்னால் கிளம்பினார்கள். ஆனால் கரடி இடுப்பளவு பனியில் மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கிவிடப் போன நரியும் மாட்டிக்கொண்டான். பெரிய பின்னங்கால் படைத்த துள்ளாயி மட்டும் பனிமேல் மிதந்துகொண்டு போனாள். செருப்பு இல்லாமல் இத்தனை வேகம் தனக்கு வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

வட்டத் தடம் ஒரு பாறை இடுக்கில் போய் நுழைந்தது. உள்ளேயிருந்து வரியனின் குரல் கேட்டது. தங்கச்சி, தம்பி என்று குழைந்த குரல் இல்லை அது.

"சும்மா கெட. பொழுது சாயட்டும், மாமியார் வருவா. உன்ன மாதிரி எளங்குட்டிய அவ கண்ணால பாத்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்குத்தான் மருமகனோட அரும தெரியப்போகுது அவளுக்கு."

'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம். பஞ்சு! உயிரோடு இருக்கிறான்! பூனையோடு நேருக்கு நேர் நிற்க முடியுமா? நின்றால் மாமியாருக்கு இரண்டு இலை போடலாம். அவள் அண்ணாந்து பார்த்தாள். இடுக்குக்கு மேலே பாறை விளிம்பில் பனி குவிந்து, விழவா வேண்டாமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறினாள். பின்னங்காலால் பாறையை 'தட், தட்' என்று தட்டினாள்.

"மாமியாரா? அதுக்குள்ளயா?" என்று வரியன் தலையை வெளியே நீட்டினான்.

துள்ளாயி இரண்டு காலையும் சேர்த்து உதைத்தாள். குவிந்த பனி அத்தனையும் இறங்கி அவனைக் கழுத்து வரைக்கும் மூடியது. அவன் திமிறினான். மந்தி கெட்டியாகப் பின்னிய செருப்பல்லவா, பனியை உறிஞ்சிக்கொண்டு கல்லாகக் கனத்து அவனை அங்கேயே பிடித்துவைத்தது. அவன் தலைக்கு மேலாக இடுக்குக்குள் குதித்த துள்ளாயி, குட்டியைக் கவ்விக்கொண்டு அதே தலைமேல் கால் வைத்து வெளியே பாய்ந்தாள்.

அவளுக்கு எதிர்க்காற்று. திரும்பவும் பனித்தூவல். வந்த வழியில் போனால் கரடியும் நரியும் வருவார்கள், ஆனால் அந்தச் சரிவில் குட்டியோடு ஏற முடியாது. வேறு வழியில் திரும்பினாள். பஞ்சின் சின்ன இதயம் அவள் தாடையில் படபடவென்று அடித்தது. தப்பித்தோம், தப்பித்தோம் என்று அவள் மனம் கூத்தாடியது. அப்போதுதான் பின்னால் வரியனின் குரல் கேட்டது.

"ஓடு தங்கச்சி, ஓடு! போற வழியெல்லாம் எழுதிவச்சுக்கிட்டே ஓடு!"

செருப்பைக் கடித்து அறுத்துப் போட்டுவிட்டு வருகிறான். துள்ளாயி திரும்பிப் பார்த்தாள். பனித்தூவலில் அவன் உருவம் தெரியவில்லை. ஆனால் அவள் கால் தடம் தெரிந்தது. பளிச்சென்று, ஒன்றுவிடாமல், அவள் நிற்கும் இடம் வரைக்கும். இந்த மலையில் இப்படி ஒரு தடம் அவளுக்கு மட்டும்தான். ஊரைக் கூட்டிப் பாடம் நடத்தியதும் அவளேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகப் போயிற்று.

எதிரே ஒரு மொட்டைப் பாறை. காற்று அதன்மேல் இருந்த பனியை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வழித்துக்கொண்டு போயிருந்தது. அதில் தடம் விழாது. ஏறினாள். ஆனால் பாறை முடியும் இடத்தில் மறுபடியும் பனி. இறங்கினால் தடம் விழும். இறங்காவிட்டால் அவன் வந்துவிடுவான். விளிம்பில் நின்று அவள் தன் காலைப் பார்த்தாள். சின்னக்கால் முன்னே, பெரியகால் பின்னே என்று வரியன் கண்ணால் பார்த்திருக்கிறான். சின்னக்கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் போயிருப்பாள் என்று தெரிந்துகொள்வான்.

தெரிந்துகொள்ளட்டும்!

முன்னங்காலை ஊன்றினாள். உடம்பை வில்லாக வளைத்துப் பின்னங்கால் இரண்டையும் தூக்கி, முன்னங்காலுக்கு முன்னே கொண்டுபோய்ப் பதித்தாள். முதுகு 'படக்' என்றது. மறுபடி தாவினாள். மறுபடியும் பின்னங்கால் முன்னே. இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. பஞ்சை மட்டும் விடவில்லை. தாவித் தாவிப் பனித்தூவலுக்குள் மறைந்தாள்.

வரியன் பாறைக்கு வந்தான். ஏறிய தடம் இருந்தது. இறங்கிய தடத்தைத் தேடிச் சுற்றிவந்தான். ஒரு தடம் கிடைத்தது. குனிந்து பார்த்தான். விரல் அடையாளத்தைப் பனித்தூவல் தூர்த்துவிட்டிருந்தது. பெரியகால் அந்தப் பக்கம், சின்னக்கால் பாறையைப் பார்த்து இந்தப் பக்கம்.

"இது இங்கிருந்து போன தடம் இல்லையே. வெளியிலேருந்து பாறைக்கு வந்த தடம்ல!" என்று மீசையைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு பக்கமும் ஏறியிருக்கா, ஒரு பக்கமும் எறங்கல. அப்ப இங்கதான் எங்கயோ பொந்துல இருக்கா. தங்கச்சி, அண்ணன் வந்துட்டேன்!"

ஒவ்வொரு பொந்தாகத் தலையை விட்டுத் தேடினான். ஒரு பொந்திலிருந்து அவன் தலையை வெளியே இழுத்தபோது, பனியிலிருந்து மீண்டு அவன் தடத்தையே பிடித்துக்கொண்டு வந்த கரடி முன்னால் நின்றது. பக்கத்தில் நரி நல்லான். அவர்களுக்குப் பின்னால் மொத்த மலையும்.

"மாமியார எதிர்பாத்தியா வரியா?" என்றான் நல்லான். 

கரடி போட்ட போட்டில் வரியனுக்கு முதுகில் மேல்தோல் உரிந்தது. தப்பி ஓடியவன், தன் தடத்தை இனி யாரும் படிக்கக் கூடாதென்று நகத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னங்கால் வைத்த குழியிலேயே பின்னங்காலையும் வைத்து, நாலு கால் இரண்டு காலாகத் தெரியும்படி பதுங்கிப் பதுங்கிப் போனான். இன்றைக்கும் பூனை இனமே அப்படித்தான் நடக்கிறது. பிழைப்பில் மண் விழுந்த கோபத்தில் கருமந்தி மிச்சச் செருப்புகளை மரத்துக்கு மரம் வீசியெறிந்தாள். அந்த மலைக்காட்டுக் கிளைகளில் பாசி தொங்குவதைப் பார்த்தவர்கள் அதை அவள் கோபம் என்றுதான் சொல்வார்கள்.

துள்ளாயி ஒரு புதரடியில் போய் விழுந்தாள். பஞ்சு அவள் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்தான். அவன் வயிறு நிறைந்து தூங்கும்வரை அவள் அழுதுகொண்டே இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். பிறகு எழுந்து நாலு அடி வைத்துப் பார்த்தாள். இடுப்பு பழைய வளைவுக்குத் திரும்பவில்லை. தாவினால் பின்னங்கால் தானாகவே முன்னே போய் விழுந்தது. "இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். பஞ்சு கண் விழித்ததும் அவனுக்கும் அப்படியே தாவக் கற்றுக்கொடுத்தாள்.

அன்று முதல்தான் பனியில் நடக்கிற ஒவ்வொருவரும் தான் யாரென்று தரையில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அன்று முதல்தான் முயலின் பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்துக்கு முன்னால் விழுகிறது. அதைப் பார்த்து அவசரமாக ஓடுகிறவன், முயல் வந்த பக்கமாகவே ஓடிக்கொண்டிருப்பான். அது போன பக்கத்தில், ஏதோ ஒரு புதரடியில், ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்.